பாறுக் கழுகுகள்: அழிவும் பாதுகாப்பும்

பாறுக் கழுகுகள் இறந்த விலங்குகளின் உடலை உண்டு வாழும் பெரிய பறவைகள். பிணந்தின்னிக் கழுகுகள் என்றும் இவற்றை அழைப்பர். 1980-களில் தெற்காசியாவில் கோடிக்கணக்கில் வாழ்ந்த இப்பறவைகள், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலான இடங்களிலிருந்து மறைந்துவிட்டன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு குறைந்தது. அதாவது, ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது.

இவற்றை யாரும் வேட்டையாடவில்லை. இவற்றின் காடுகளும் ஒரே நாளில் அழிந்துவிடவில்லை. மாடுகளுக்கு வலி தீரப் போடப்பட்ட ஓர் ஊசி மருந்தே இந்த அழிவுக்குக் காரணம். அழிவின் விளிம்பில் உள்ள ஓர் உயிரினத்தைக் காக்க முதலில் அதன் அழிவுக்கான சரியான காரணத்தைக் கண்டறிய வேண்டும் என்பதற்கும், காரணம் தெரிந்த பிறகும் மீட்பு எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கும் பாறுகள் சிறந்த எடுத்துக்காட்டு.

பெயரும் இனங்களும்

பாறு, எருவை ஆகிய பெயர்கள் சங்கப் பாடல்களிலேயே காணப்படுகின்றன. இராமாயணத்தின் சடாயுவும் சம்பாதியும் இக்குடும்பத்துப் பறவைகளாகவே கருதப்படுகின்றனர். பருந்து, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளிலிருந்து பாறுகள் வேறுபட்டவை. இவை பொதுவாக உயிருள்ள இரையைப் பிடித்துக் கொல்வதில்லை. சடலத்தின் உள்ளே தலையை நுழைத்து உண்பதற்கு ஏற்ப, பெரும்பாலான இனங்களின் தலையிலும் கழுத்திலும் இறகுகள் இல்லாமலோ குறைவாகவோ இருக்கும்.

இந்தியாவில் ஒன்பது வகைப் பாறுகள் உள்ளன. அவற்றுள் தமிழ்நாட்டில் காணப்படும் முக்கியமானவை நான்கு:

வெண்முதுகுப் பாறு: முதுகின் கீழ்ப்பகுதியில் வெண்ணிறப் பட்டை கொண்டது. உயர்ந்த மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும்.

கருங்கழுத்துப் பாறு: பாறை முகடுகளில் கூடு கட்டுவது.

செந்தலைப் பாறு: சிவந்த தலையும் கழுத்தும் உடையது. பெரும்பாலும் தனியாகவோ இணையாகவோ திரியும்.

மஞ்சள்முகப் பாறு: அளவில் சிறியது. திருக்கழுகு என்று மக்கள் அழைப்பது இதையே.

இவற்றுள் வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும், வட இந்தியாவில் வாழும் மெல்லிய அலகுடைய மற்றோர் இனமும் 2000-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் 'மிக அருகிய இனம்' என அறிவிக்கப்பட்டன. 2007-இல் செந்தலைப் பாறும் அப்பட்டியலில் சேர்ந்தது. காட்டில் முற்றிலும் அற்றுப்போவதற்கு முந்தைய நிலை இது.

பாறுகள் செய்யும் பணி

இந்தியாவில் கோடிக்கணக்கான மாடுகளும் எருமைகளும் வளர்க்கப்படுகின்றன. பல பகுதிகளில் மாட்டிறைச்சி உண்ணும் வழக்கம் இல்லாததால், இறந்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவது வழக்கமாக இருந்தது. வானத்தில் வட்டமிடும் பாறு ஒன்று அதைக் கண்டு இறங்கினால், தொலைவில் பறக்கும் மற்றவையும் அதைப் பார்த்து இறங்கும். பெரிய கூட்டம் ஒன்று ஒரு மாட்டின் உடலை ஒரு மணி நேரத்திற்குள் வெறும் எலும்பாக்கிவிடும். எஞ்சிய எலும்புகளைச் சேகரித்து உர ஆலைகளுக்கு விற்றுப் பிழைத்த குடும்பங்களும் இருந்தன.

பாறுகளின் இரைப்பை அமிலம் மிகவும் கடுமையானது. அழுகிய இறைச்சியில் உள்ள நோய்க்கிருமிகள் பலவற்றை அது அழித்துவிடும். நாய், எலி போன்றவையும் சடலத்தை உண்ணும். ஆனால் அவற்றால் அவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் உண்ண முடியாது. அவை நோய்களை ஊருக்குள் கொண்டுவரவும் கூடும். கூலியோ செலவோ இல்லாமல் நடந்துவந்த இந்தத் துப்புரவுப் பணியின் மதிப்பு, பாறுகள் மறைந்த பிறகே பலருக்குத் தெரிந்தது.

எண்ணிக்கைச் சரிவு

இராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா பறவைகளுக்குப் பெயர்பெற்றது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980-களில் அங்கு வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளைக் கணக்கெடுத்தார். 1987-88-இல் 353 கூடுகள் இருந்தன. 1990-களின் நடுப்பகுதியில் அவர் மீண்டும் அங்கு சென்றபோது அதில் பாதிகூட இல்லை. மரக்கிளைகளிலும் புதர்களிலும் இறந்த பாறுகள் கிடந்தன. உயிரோடிருந்த சில பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டபடி சோர்ந்து அமர்ந்திருந்தன. சில ஆண்டுகளில் அப்பூங்காவில் ஒரு கூடுகூட இல்லாமல் போயிற்று.

இதே நிலை நேபாளத்திலும் பாகிஸ்தானிலும் காணப்பட்டது. பாறுகள் மனிதரோடு நெருங்கி, பெரும் எண்ணிக்கையில் வாழ்ந்ததாலேயே அவற்றை முறையாகக் கணக்கெடுத்தவர்கள் மிகச் சிலர். எங்கும் காணப்படும் ஓர் உயிரினம் குறைந்துவருவதை உணரக் காலதாமதம் ஆகும் என்பதை இது காட்டுகிறது.

காரணத்தைத் தேடிய ஆய்வுகள்

தொடக்கத்தில் பல ஐயங்கள் எழுந்தன. உணவுப் பற்றாக்குறையா, பூச்சிக்கொல்லியா, புதிய தொற்று நோயா என ஆராயப்பட்டது. உணவுக்குப் பஞ்சம் இல்லை. சடலங்கள் உண்பாரின்றிக் குவிந்துகிடந்தன. தொற்று நோய்தான் காரணம் என்று பலர் நம்பினர். ஆனால் அதற்கான கிருமி எதுவும் அகப்படவில்லை.

பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியல் அறிஞர் தலைமையில் ஆய்வு நடந்தது. இறந்த பாறுகளில் பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகள் மீது வெண்ணிறப் படிவம் படிந்திருந்தது. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. பாறுகள் உண்பது கால்நடைகளையே என்பதால், சிறுநீரகத்தைப் பாதிக்கும் எந்த மருந்து கால்நடைகளுக்குப் புதிதாகக் கொடுக்கப்படுகிறது என்று ஆய்வாளர்கள் மருந்துக் கடைகளிலும் கால்நடை மருத்துவர்களிடமும் விசாரித்தனர். கிடைத்த விடை, டைக்ளோஃபினாக்.

யூரிக் அமிலம் படிந்து இறந்த 25 பாறுகளின் சிறுநீரகங்களைச் சோதித்ததில், இருபத்தைந்திலும் அம்மருந்து இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பாறுகளில் ஒன்றில்கூட இல்லை. அம்மருந்து கொடுக்கப்பட்ட கால்நடைகளின் இறைச்சியை உண்ட பாறுகளும் அதே முறையில் இறந்தன. இந்த ஆய்வு 2004-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

டைக்ளோஃபினாக் மனிதர்களுக்கும் கொடுக்கப்படும் வலிநிவாரணி. மூட்டுவலி, காயம், வீக்கம் ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. 1990-களில் இதன் விலை மிகவும் மலிந்ததால், உழவு மாடுகளுக்கும் பால் மாடுகளுக்கும் பரவலாகக் கொடுக்கத் தொடங்கினர். மாட்டுக்கு நன்மை செய்யும் இம்மருந்து, பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது. பறவைகள் தம் உடற்கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. அது தடைப்பட்டால் இரத்தத்தில் சேர்ந்து உறுப்புகளில் படிந்துவிடும். சில நாள்களிலேயே பறவை இறந்துவிடும்.

சிறிதளவு நஞ்சே போதுமானதாக இருந்தது ஏன்?

நாட்டில் இறக்கும் எல்லா மாடுகளின் உடலிலும் இம்மருந்து இருக்கவில்லை. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் நஞ்சு இருந்தாலே இந்த அளவு சரிவு ஏற்படும் என்று 2004-இல் வெளியான மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. இது எப்படி என்பதை எளிய கணக்கு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு பாறு மூன்று நாளைக்கு ஒருமுறை உண்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சுமார் 120 சடலங்கள். 200 சடலங்களில் ஒன்றில் மட்டும் மருந்து இருந்தாலும், சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்குள் அப்பறவை நஞ்சுள்ள சடலத்தைச் சந்தித்துவிடும். அதுவும் தனியாக அன்று, கூட்டத்தோடு. ஒரே சடலம் பல பறவைகளைக் கொன்றுவிடும்.

மறுபுறம், பாறுகள் மிக மெதுவாகப் பெருகும் பறவைகள். பிறந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே இணை சேரும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். அந்தக் குஞ்சும் பிழைக்கும் என்பது உறுதியில்லை. நீண்ட ஆயுள் இருந்தால்தான் இத்தகைய இனம் நிலைக்க முடியும். முதிர்ந்த பறவைகள் ஆண்டுதோறும் இறந்துகொண்டிருந்தால், அந்த இழப்பைப் பிறப்பால் ஈடுகட்ட இயலாது.

பாறுகள் மறைந்ததன் விளைவுகள்

சடலங்கள் அழுகிக்கிடந்ததால் நீர்நிலைகள் மாசடைந்தன. அந்த உணவைத் தின்று தெருநாய்கள் பெருகின. அதனால் நாய்க்கடியும் வெறிநோய் ஆபத்தும் கூடின. பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவை இயல்பாகவே குறைவாக இருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டுப் பொருளியல் அறிஞர்கள் இருவர் செய்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. பாறுகள் மறைந்ததால் 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் இந்தியாவில் சுமார் 5 இலட்சம் கூடுதல் மனித உயிரிழப்புகள் நேர்ந்திருக்கலாம் என அது மதிப்பிட்டது.

மும்பையில் வாழும் பார்சி மக்கள், இறந்தோரின் உடலைப் பாறுகளுக்கு உணவாக அளிக்கும் மரபுடையவர்கள். பாறுகள் இல்லாததால், சூரிய ஒளியைக் குவித்து உடல்களை உலர்த்தும் கருவிகளை அவர்கள் நாட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் திருக்கழுக்குன்றம் வேதகிரீஸ்வரர் கோயில் மலைக்கு நாள்தோறும் நண்பகலில் இரு மஞ்சள்முகப் பாறுகள் வந்து பூசாரியிடம் சர்க்கரைப் பொங்கல் உண்ணும் காட்சி புகழ்பெற்றிருந்தது. ஊரின் பெயருக்கே காரணமான அப்பறவைகள் 1990-களுக்குப் பிறகு அங்கு வருவதில்லை.

மருந்துத் தடையும் அதன் ஓட்டைகளும்

காரணம் தெரிந்ததும் மாற்று மருந்து தேடப்பட்டது. மெலாக்சிகாம் என்னும் வலிநிவாரணி மாடுகளுக்குப் பயனளிப்பதாகவும் பாறுகளுக்குத் தீங்கற்றதாகவும் இருப்பது சோதனைகளில் உறுதியானது. 2006-இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நாடுகள் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தன. வங்கதேசம் 2010-இல் தடை செய்தது.

ஆனால் சட்டம் வந்ததும் சிக்கல் முடிந்துவிடவில்லை. மனிதர்களுக்கான டைக்ளோஃபினாக் ஊசி மருந்து 30 மில்லிலிட்டர் குப்பிகளில் விற்கப்பட்டது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டரே போதும். பெரிய குப்பி உண்மையில் மாட்டுக்குத்தான் உதவியது. இதனால் 2015-இல் மத்திய அரசு, மனிதர்களுக்கான ஊசி மருந்தையும் ஒரு வேளைக்குரிய 3 மில்லிலிட்டர் குப்பியில் மட்டுமே விற்க வேண்டும் என ஆணையிட்டது.

அடுத்த ஓட்டை, வேறு மருந்துகள். அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். கீட்டோபுரோஃபெனும் நிமிசுலைடும் பாறுகளைக் கொல்பவை என்பது தெரியவந்தது. கால்நடைகளுக்கு அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவற்றைக் கொடுப்பது 2023-இல் தடை செய்யப்பட்டது. நிமிசுலைடு 2024 இறுதியில் தடை செய்யப்பட்டது. முதல் தடைக்கும் இத்தடைகளுக்கும் இடையே ஏறக்குறைய 17 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஒரு மருந்து சந்தைக்கு வரும் முன்பே அது பாறுகளுக்குப் பாதுகாப்பானதா எனச் சோதிக்க வேண்டும் என்று பாதுகாப்பாளர்கள் கோருவது இதனால்தான். பறவைகள் இறந்த பிறகு தடை விதிப்பது எப்போதும் காலம் தாழ்ந்த செயலே.

இனப்பெருக்க மையங்களும் பாதுகாப்பு மண்டலங்களும்

காட்டில் பாறுகள் முற்றிலும் அற்றுப்போகக்கூடும் என்ற அச்சத்தால், அரியானாவின் பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் மாநில வனத்துறையும் இணைந்து இனப்பெருக்க மையம் ஒன்றை அமைத்தன. மேற்கு வங்கத்தின் இராஜாபத்காவா, அசாமின் இராணி, போபால் ஆகிய இடங்களிலும் மையங்கள் உருவாயின. ஒரு இணை இட்ட முதல் முட்டையை எடுத்து அடைகாக்கும் கருவியில் வைத்தால், அது மீண்டும் ஒரு முட்டை இடும். இம்முறையால் ஆண்டுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு குஞ்சுகளைப் பெற முடிகிறது. ஆனால் வெளியே நஞ்சு தொடர்ந்தால், கூண்டில் வளர்த்த பறவையை விடுவிப்பதில் பயனில்லை.

எனவே 'பாறு பாதுகாப்பு மண்டலம்' என்ற முறை வகுக்கப்பட்டது. பாறுகள் உணவு தேடி நெடுந்தொலைவு பறப்பதால், கூடுகள் உள்ள இடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரத்துக்கு நச்சு மருந்துகள் இல்லாமல் செய்வதே இதன் நோக்கம். இதற்கு வேலியோ காவலோ உதவாது. மருந்துக் கடைக்காரர், கால்நடை மருத்துவர், மாடு வளர்ப்போர் ஆகியோரின் ஒத்துழைப்பே தேவை.

இதில் நேபாளம் முன்னோடியாக உள்ளது. அங்குள்ள பித்தௌலி என்ற ஊரில் 2006-இல் 'சடாயு உணவகம்' தொடங்கப்பட்டது. வேலை செய்ய இயலாத முதிய மாடுகளை ஊரார் வாங்கிப் பராமரிக்கின்றனர். அவற்றுக்கு நச்சு மருந்துகள் கொடுப்பதில்லை. இயற்கையாக இறந்த பின் உடலைத் திறந்தவெளியில் பாறுகளுக்கு வைக்கின்றனர். பார்க்க வரும் பயணிகளால் ஊருக்கு வருவாயும் கிடைக்கிறது. மருந்துக் கடைகளில் டைக்ளோஃபினாக் குறைந்ததைத் தொடர்ந்து, 2013-க்குப் பிந்தைய ஆண்டுகளில் நேபாளத்தில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை உயரத் தொடங்கியது. சரிவைத் திருப்ப முடியும் என்பதற்கு இதுவே சான்று.

தமிழ்நாட்டில் பாறுகள்

ஒரு காலத்தில் தமிழகச் சமவெளி முழுவதும் காணப்பட்ட பாறுகள், இன்று பெரும்பாலும் நீலகிரி, ஈரோடு மாவட்டங்களின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ளன. முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களும், அவற்றை ஒட்டிய கர்நாடகத்தின் பந்திப்பூரும் கேரளத்தின் வயநாடும் இவற்றின் புகலிடம். மாயாற்றின் கரையில் உயர்ந்து வளர்ந்த நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன.

இங்கு அவை தப்பியதற்கு உணவே காரணம். புலி, சிறுத்தை, செந்நாய் ஆகியவை அடித்துத் தின்று விட்டுச்சென்ற மான், காட்டுமாடு போன்றவற்றின் உடலில் ஊசி மருந்து இருப்பதில்லை. 2023 டிசம்பர் இறுதியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் வனத்துறைகள் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் 320 பாறுகள் பதிவாயின. அவற்றுள் 217 வெண்முதுகுப் பாறுகள், 50 செந்தலைப் பாறுகள், 47 கருங்கழுத்துப் பாறுகள், 4 மஞ்சள்முகப் பாறுகள். மூன்று மாநிலக் காடுகளையும் சேர்த்தே எண்ணிக்கை இவ்வளவுதான். ஒரு சடலத்தில் கலந்த நஞ்சு இக்கூட்டத்தின் பெரும்பகுதியை ஒரே நாளில் அழித்துவிடக்கூடும்.

தமிழ்நாடு அரசு 2022-இல் பாறு பாதுகாப்புக்கென மாநில அளவிலான குழுவை அமைத்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த அருளகம் என்ற அமைப்பு, காப்பகங்களைச் சுற்றியுள்ள ஊர்களில் நெடுங்காலமாக விழிப்புணர்வுப் பணி செய்துவருகிறது.

எஞ்சியுள்ள ஆபத்துகள்

மருந்தைத் தவிர வேறு ஆபத்துகளும் உள்ளன. புலியோ சிறுத்தையோ மாட்டைக் கொன்றால், சினமுற்ற உரிமையாளர் சிலர் அந்த உடலில் பூச்சிக்கொல்லியைத் தடவிவிடுகின்றனர். அதை உண்டு புலி இறப்பதோடு பாறுகளும் கூட்டமாக இறக்கின்றன. மாட்டை இழந்தவருக்கு அது குடும்பத்தின் வருவாயையே இழந்ததாகும். இழப்பீடு விரைவாகக் கிடைத்தால் நஞ்சு வைக்கும் எண்ணம் குறையும். எனவே இழப்பீட்டுக் கோப்பு தாமதமின்றி நகர்வதும் பாறு பாதுகாப்பின் ஒரு பகுதியே.

காட்டில் இறக்கும் விலங்குகளின் உடலைப் புதைப்பதும் எரிப்பதும் பாறுகளின் உணவைக் குறைக்கின்றன. மின்கம்பிகளில் மோதி இறப்பதும், ஆற்றோர மரங்கள் அழிவதும், கூடு கட்டும் பருவத்தில் மனித நடமாட்டம் மிகுவதும் பிற இடர்கள்.

கால்நடை வளர்ப்போர் செய்யக்கூடியவை

மாட்டுக்கு வலிநிவாரணி தேவைப்படும்போது, மெலாக்சிகாம் அல்லது டோல்ஃபெனமிக் அமிலம் போன்ற பாதுகாப்பான மருந்தைத் தரும்படி கால்நடை மருத்துவரிடம் கேட்கலாம்.

மனிதர்களுக்கான வலி ஊசியை மாட்டுக்குப் போடுவதைத் தவிர்க்க வேண்டும்.

மருந்து கொடுத்தும் பிழைக்காத மாட்டின் உடலைத் திறந்தவெளியில் போடாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். அடைப்பான் நோயால் இறந்ததாக ஐயம் இருந்தால், உடலை அறுக்காமல் உடனே கால்நடைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

வனவிலங்கு அடித்த கால்நடையின் உடலில் நஞ்சு வைக்காமல், வனத்துறைக்குத் தகவல் தந்து இழப்பீடு கோர வேண்டும்.

முடிவுரை

பாறுகளைக் காக்கும் முயற்சியில் இதுவரை கிடைத்த பெரிய வெற்றி, சரிவு பெருமளவு தடுக்கப்பட்டிருப்பதே. இழந்தது திரும்பி வரவில்லை. ஆண்டுக்கு ஒரு முட்டையிடும் பறவை பழைய எண்ணிக்கையை எட்டுவதற்குப் பல தலைமுறைகள் ஆகும். அதுவரை ஒவ்வொரு பறவையின் உயிரும் கணக்கில் வரும்.

அருகிவரும் விலங்குகளைக் காப்பது என்றதும் அடர்ந்த காடும் வனக்காவலரும் நினைவுக்கு வருவது இயல்பு. பாறுகளைப் பொறுத்தவரை அப்பணியின் பெரும்பகுதி மாட்டுக் கொட்டகையிலும் ஊர் மருந்துக் கடையிலும் நடக்கிறது. மாட்டின் வலியும் தீர வேண்டும், பாறும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் இடமளிக்கும் மருந்து இன்று கையில் இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுப்பது மட்டுமே மீதமுள்ளது.